தாசில்தாரம்மாவின் கண்கள்

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் பாதியாகத் தேய்ந்து வந்து சேர்கிற ஒரு குறுக்குத் தெரு. அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம், மரத்தடியில், வீட்டு வாசலையொட்டி, சரசுவின் இஸ்திரி வண்டி. காலையில் கரியைப் பற்றவைத்துப் பெட்டியில் போட்டாளென்றால், கடைசிச் சட்டை மடிகிறவரை அவள் உட்காருவதில்லை. கடைக்கும் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் ரயிலேறிப் போகிற அந்தத் தெருக்காரர்கள் கசங்காத முதுகோடு போகிறார்கள் என்றால் அது அவள் கைவேலை.

சரசுவுக்கு ஒரு கண்தான் தெரியும். இடது கண்ணை ஐந்து வயதில் தட்டம்மை கொண்டுபோயிற்று. இறங்குகிறபோது அந்தக் கண்ணின்மேல் வெள்ளையாக ஒரு பூவைப் போட்டுவிட்டு இறங்கியது. அதனால் எதைப் பார்த்தாலும் முகத்தைக் கொஞ்சம் திருப்பி, வலது கண்ணை முன்னால் கொண்டுவந்துதான் பார்ப்பாள். காலர் மடிப்பையும் அப்படித்தான், கணவன் பக்தவச்சலத்தின் முகத்தையும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் அவன், "நீ பாக்கறதும் கோழி பாக்கறதும் ஒரே மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்கப் பட்டினி கிடந்தான்.

கோழிகள் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தவை. பக்கத்து வீட்டு பியூலா டீச்சர் ஒரு ஈஸ்டருக்காகப் பெட்டைக்கோழி ஒன்றை உயிரோடு வாங்கிவந்து, இரண்டு நாள் சோறு போட்டு, அறுக்கிற நேரத்தில் மனம் வராமல் மதில்மேல் தூக்கி சரசுவிடம் கொடுத்தார். அதிலிருந்து பெருகியதுதான் எல்லாம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்தரையில் இப்போது ஒரு சேவல், பெட்டைகள், பாதி வளர்ந்த விடலைகள், எப்போதும் காலில் மிதிபடுகிற அளவுக்குக் குஞ்சுகள். சரசு அவற்றுக்குப் பேர் வைப்பதில்லை. நாளைக்குக் குழம்பில் போகக்கூடியதற்குப் பேர் எதற்கு என்பாள்.

ஒரே ஒரு கோழிக்கு மட்டும் பேர் ஒட்டிக்கொண்டது. சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்த பெட்டை. யார் வீட்டுப் பின்பக்கமானாலும் உள்ளே போய், ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து, கழுத்தை நீட்டி மூலைமூலையாகப் பார்த்து, ஒன்றும் சரியில்லை என்பதுபோல் வெளியே வரும். "நெலம் அளக்க வந்த தாசில்தாரம்மா மாதிரி சுத்திகினு கீது பாரு" என்று பக்தவச்சலம் சொன்னதிலிருந்து தெருவுக்கே அது தாசில்தாரம்மா.

அந்த டிசம்பரில் தாசில்தாரம்மா அடைக்கு உட்கார்ந்தது. தேய்க்க வருகிற துணிகளைப் போட்டு வைக்கிற பழைய மூங்கில் கூடை ஒன்றில் வைக்கோல் போட்டு, பதினோரு முட்டையை வைத்து, இடி இடித்தால் முட்டை கெட்டுவிடக்கூடாது என்று ஓரத்தில் ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் செருகினாள் சரசு. கரிக்கும் இரும்புக்கும் அவள் வீட்டில் பஞ்சமில்லை.

கோழி உட்கார்ந்து சில நாள்கூட ஆகவில்லை. சேவலின் கொண்டையில் மிளகு மாதிரி ஒரு கொப்புளத்தை சரசு பார்த்தாள். முகத்தைத் திருப்பி இன்னொரு தரம் பார்த்தாள். கீழே தாடியில் இரண்டு. வேறு யாராவது கொசுக்கடி என்று விட்டிருப்பார்கள். அவள் குருணைப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"யோவ், இங்க வா. அம்மா வந்துட்டாய்யா."

பக்தவச்சலம் ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாமியார்தான் அனகாபுத்தூரிலிருந்து வந்துவிட்டாளோ என்று துணியோடு ஓடிவந்தான். சேவலைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டான்.

"இவ்ளோதானா? மஞ்சா தடவு, சரியாப் பூடும்."

"இவ்ளோதானாவா? வாயை அலம்பு மொதல்ல."

அன்றைக்கே வேப்பிலைக் கொத்து வந்தது. கோழிக்கூண்டில் ஒன்று, வீட்டு வாசலில் ஒன்று. அடுப்பில் தாளிப்பு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மீனும் நின்றது. அம்மை போட்ட வீட்டில் எண்ணெய் காயக்கூடாது, வாசனை கிளம்பக்கூடாது என்பது சரசுவுக்கு வயிற்றிலேயே ஊறிய பழக்கம்.

"கோழிக்கு அம்மை வந்தா நான் இன்னாத்துக்கு மீன் துன்னக்கூடாது?"

"இந்த வூட்ல வந்துகீதுல்ல? நீ இந்த வூட்லதானே கீற?"

பக்தவச்சலம் தாளிக்காத குழம்பை ஊற்றிக்கொண்டான். வாசல் வேப்பிலையைப் பார்த்துத் தெரு மிரண்டது. துணி கொண்டுவந்தவர்கள் மரத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "வீட்ல யாருக்கு அக்கா?" என்று கேட்டார்கள். "கோழிக்கு" என்று அவள் சொல்ல, சிரித்துவிட்டுத் துணியைக் கொடுத்தார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் சிரித்துவிட்டுத் துணியோடு திரும்பிப் போனார்கள்.

கொப்புளம் ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போனது. மழை விட்டிருந்த சமயம். தேங்கின தண்ணீரிலெல்லாம் கொசு. சரசு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து, பிடித்துப் பிடித்துத் தடவினாள். ஒரு நாள் காலையில் அடைக்கூடைக்கு முன்னால் குந்தியவள் எழுந்திருக்கவில்லை.

தாசில்தாரம்மாவின் கண்ணிமையில் கொப்புளம் வந்திருந்தது. அடுத்தடுத்த நாட்களில் அவை பெருத்துக் கருத்துப் பொருக்காகி, ஒரு கண்ணை முதலிலும் இன்னொன்றைப் பிறகும் மூடிவிட்டன. தெருவையே அளந்த பார்வை போய், முகத்தின் இரண்டு பக்கமும் புளியங்கொட்டை ஒட்டவைத்ததுபோல் ஆகிவிட்டது.

கோழி மட்டும் கூடையைவிட்டு நகரவில்லை.

மற்ற கோழிகள் கண்ணில் ஒரு பொருக்கு வந்தாலே திகைத்து மூலையில் ஒடுங்கின. இது அப்படியில்லை. உடம்பைப் பரப்பி, சிறகைக் கொஞ்சம் அகட்டி, எல்லா முட்டையும் வயிற்றுக்கடியில் அடங்கும்படி உட்கார்ந்திருந்தது. அவ்வப்போது தலையைக் கீழே கொடுத்து, அலகால் ஒவ்வொரு முட்டையாக உருட்டித் திருப்பியது. ஓரத்து முட்டையை நடுவுக்கு இழுத்தது, நடுமுட்டையை ஓரத்துக்குத் தள்ளியது. பார்வை இருந்தபோது செய்ததற்கும் இப்போது செய்வதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சரசு முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்த இருட்டு தெரியும். ஐந்து வயதில் இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டு கிடந்த நாட்களில் அவள் செய்ததெல்லாம் கத்தியதுதான். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கப் பயந்தாள். ஒரு கண் திறந்தது. இன்னொன்றை அம்மா வைத்துக்கொண்டாள் என்று பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். அதை அவள் குறையாக யாரிடமும் பேசியதில்லை. ஆனால் இந்தக் கோழியின் முன்னால் குந்தியிருந்தபோது ஒரு கேள்வி எழுந்தது: இதோட கண்ணையும் எடுத்துக்குவியா, தாயே?

அன்றிலிருந்து அவள் நாள் அந்தக் கூடையைச் சுற்றியே ஓடியது. ஊறவைத்த கம்பை உள்ளங்கையில் வைத்து அலகுக்கு அருகில் கொண்டுபோவாள். முதலில் அலகு அவள் விரலைத் தேடித் தட்டும், பிறகு கம்பைக் கண்டுகொள்ளும். கொட்டாங்கச்சியில் தண்ணீரைக் காட்டுவாள். கோழி தலையைத் தூக்கி விழுங்குகிறபோது அந்தக் கழுத்தில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் வண்டிக்குப் போய்ப் பெட்டியைத் தூக்குவாள். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் விட்டு ஓடுவாள். அப்படி ஓடியதில் பியூலா டீச்சரின் கணவர் தேவானந்தம் சாரின் வேட்டியில் பழுப்பாகப் பெட்டியின் அச்சு விழுந்தது.

"பரவால்ல சரசு," என்றார் டீச்சர், வேட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து. "சர்ச்சுக்கு இதைக் கட்டினா, உள்பக்கமா மடிச்சுக்கச் சொல்றேன். கோழி எப்படி இருக்கு?"

"அப்படியேதான் கீது டீச்சர். கண்ணு தொறக்கல."

"நான் தினம் ப்ரேயர்ல சொல்லிட்டுதான் இருக்கேன். பேர் சொல்லியே ஜெபம் பண்றேன்."

"இன்னா பேருன்னு சொன்னீங்க?"

"தாசில்தாரம்மான்னுதான். அவருக்குத் தெரியாதா எந்த தாசில்தாருன்னு?"

இதற்குள் மற்ற கோழிகளின் பொருக்குகள் காய ஆரம்பித்தன. சேவலின் கொண்டையிலிருந்து ஒன்றிரண்டு உதிரவும் செய்தன. சரசுவுக்கு உயிர் வந்தது. அம்மை இறங்குகிறது. இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, வெயிலில் வைத்து, வெயில் ஏறிய தண்ணீரைத் தலையோடு ஊற்ற வேண்டும். அதோடு அம்மா மனம் குளிர்ந்து புறப்பட்டுப் போவாள். அவளுக்கு அப்படித்தான் ஊற்றினார்கள். பக்தவச்சலத்துக்கும் அப்படித்தான். ஊற்றாமல் விட்டால் அது அம்மாவை வாசலில் நிறுத்திவைத்த மாதிரி.

நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமை அண்டாவை நிரப்பினாள். அந்த வெள்ளிக்கிழமை பார்த்து வங்காள விரிகுடாவில் ஏதோ ஒரு தாழ்வு மண்டலம். காலையிலிருந்து சூரியனே இல்லை. தாம்பரம் முழுக்க ஈரச்சாக்கால் மூடியதுபோல் இருந்தது. அண்டாத் தண்ணீர் சில்லென்று கிடந்தது. சரசு தயங்கினாள். அப்புறம், வைத்த நாளைத் தள்ளக்கூடாது என்று முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, வாயில் அம்மன் பேரோடு, ஒரு செம்பு தண்ணீரைத் தலையோடு ஊற்றிவிட்டாள். கடைசியாகக் கூடைக்கு வந்தாள். தாசில்தாரம்மாவைத் தூக்கக் கை நீட்டியதும், பார்வையில்லாத அந்தக் கோழி உடம்பை முட்டையோடு அழுத்திக்கொண்டு அடித்தொண்டையில் உறுமியது. முட்டை நனைந்துவிடுமே என்று தோன்ற, வேப்பிலையால் இரண்டு சொட்டு தெளித்ததோடு விட்டுவிட்டாள்.

மதிலுக்கு மேல் பியூலா டீச்சரின் தலை தெரிந்தது. மண்தரை முழுக்க மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்டக் கோழிகள் நின்றிருந்தன.

"என்ன சரசு, எல்லாருக்கும் ஒரேயடியா ஞானஸ்நானமா?"

சரசுவும் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் ஒரு விடலை பக்கவாட்டில் சாய்ந்தது.

அது எழுந்திருக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் சேவல், எந்தக் காலை ஊன்றுவது என்று தெரியாததுபோல் தள்ளாடியது. எல்லாக் கோழியும் நடுங்கிக்கொண்டிருப்பதை அப்போதுதான் சரசு பார்த்தாள். நோயில் இளைத்த உடம்பு; நனைந்த இறகு ஒட்டிக்கொண்டதும் ஒவ்வொன்றும் கைப்பிடி அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"ஐயோ, நானே கொன்னுட்டேனே!"

அதற்குப் பிறகு அவள் செய்தது எதையும் யோசித்துச் செய்யவில்லை. வண்டியில் பெட்டி சூடாக இருந்தது. கையில் கிடைத்த துணியை விரித்துச் சூடாக்கினாள், கோழியைச் சுற்றினாள், அடுத்த துணியை விரித்தாள். துண்டு, படுக்கை விரிப்பு, பாவாடை, யார் வீட்டுத் துணி என்று பார்க்கவில்லை. டீச்சர் மதிலைச் சுற்றி ஓடிவந்து, சுற்றிய கோழிகளை வாங்கி வண்டியின்மேல் வரிசையாக அடுக்கினார்.

"சரசு, இது என் கிறிஸ்துமஸ் புடவை."

"டீச்சர்..."

"தேய், தேய். சூடா இருக்கா பாரு முதல்ல."

சவாரி முடித்துத் திரும்பிய பக்தவச்சலம், இஸ்திரி வண்டியின்மேல் சட்டைக்குப் பதிலாகக் கோழித்தலைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். கரியை எடுத்து விசிற உட்கார்ந்தான்.

பெரும்பாலானவை பிழைத்தன. சேவலும் இரண்டு விடலைகளும் பிழைக்கவில்லை. கொய்யா மரத்தடியில் பக்தவச்சலம் குழி தோண்டினான். சரசு மண்ணைத் தள்ளிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா மேல பழியப் போடாத," என்றாள் அவன் வாய் திறக்கும் முன்பே. "வெயிலுதானே தண்ணிய சுட வெக்கணும். வெயிலே இல்லாதப்ப நான் ஊத்தினேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மே."

"அந்தச் சேவலோட முட்டைதான்யா அது வயித்துக்கடியில கீது. அதுவும் பூட்டா..."

கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "நாளைக்கு டாக்டராண்ட போலாம்" என்றாள். பக்தவச்சலம் அவளை ஏற இறங்கப் பார்த்தான். தனக்குக் காய்ச்சல் வந்தாலே மாத்திரை வேண்டாம் என்கிறவள்.

கோழியைக் கூடையிலிருந்து பிரித்தால் முட்டை ஆறிவிடும். ஆகவே கூடையோடு, முட்டையோடு, கோழியோடு கிளம்பினாள். பெட்டியால் சூடேற்றிய ஒரு கம்பளியைக் கூடையைச் சுற்றிக் கட்டினாள். ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணா, கோழி மேல பறந்துடாதே?" என்று ஒரு பெண் நகர்ந்துகொண்டாள்.

"இது பறக்காதும்மா," என்றான் பக்தவச்சலம். "ட்யூட்டில கீது."

ஜி.எஸ்.டி. சாலையில் லாரி அலறியது. பேருந்துகள் காதோரம் உரசின. மேம்பாலத்தடி நெரிசலில் வண்டி குலுங்கி நின்று குலுங்கிக் கிளம்பியது. கால்நடை மருந்தகத்து வராந்தாவிலோ நாலு நாய்கள், ஒரு ஆடு, கூண்டுக்குள்ளிருந்து சீறுகிற ஒரு பூனை. கண் தெரியாத கோழிக்கு இதெல்லாம் எப்படிக் கேட்டிருக்கும்? நாயின் மூச்சு அதன் இறகை அசைத்திருக்கும். கோழி ஒரு தடவை சிலிர்த்தது, உடம்பை இன்னும் தாழ்த்தியது, உட்கார்ந்திருந்தது. குலுங்கலில் ஓரத்துக்கு உருண்ட ஒரு முட்டையை, அத்தனை சத்தத்துக்கும் நடுவில், அலகால் தேடி எடுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. நாயைப் பிடித்திருந்த ஒருவர் சங்கிலியைக் கையில் சுற்றி நாயைப் பின்னுக்கு இழுத்தார். ஆட்டுக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "கண்ணு ரெண்டும் அடைச்சிருக்கேம்மா," என்றார்.

டாக்டர் ஸ்ம்ருதி சின்னப் பெண். கூடையைத் தூக்கி மேசைமேல் வைக்கச் சொல்லாமல், தானே தரையில் உட்கார்ந்து பார்த்தாள்.

"அம்மைதான் அக்கா. கொசுவால பரவுது. கண்ணு எப்ப மூடிச்சு?"

சரசு எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றியதையும் மறைக்கவில்லை. டாக்டர் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேப்பிலை மஞ்சள் தடவினது நல்லதுதான். தண்ணி மட்டும் இனிமே வேண்டாம். குளிர் தாங்காது." பிறகு கேட்டாள்: "இத்தனை நாளா இதுக்கு நீங்களா ஊட்டறீங்க?"

"ஆமா மேடம். எயுந்து வராதே அது."

"அதனாலதான் உயிரோட இருக்கு. கண்ணு தெரியாம தீனி எடுக்க முடியாமதான் நிறையக் கோழி செத்துப்போகுது."

சரசு முகத்தைத் திருப்பி வலது கண்ணால் டாக்டரை நேராகப் பார்த்தாள். "கண்ணு வருமா மேடம்?"

"உள்ள முழி கெடாம இருந்தா வரும். மேல பொருக்கு இருக்கறதால இப்ப எனக்குத் தெரியல. பிச்சு மட்டும் எடுத்துடாதீங்க. வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில பஞ்சு நனைச்சு வைங்க, மருந்து போடுங்க. தானா உதிரணும். குஞ்சு வந்தா கொசு கடிக்காமப் பாத்துக்கங்க." கூடைக்குள் மறுபடி பார்த்தாள். "வேற கோழியா இருந்தா எப்பவோ எழுந்து போயிருக்கும்," என்று மெதுவாகச் சொன்னாள்.

வீடு திரும்பியதும் பியூலா டீச்சர் பரண்மேலிருந்து ஒரு பொருளை இறக்கிக் கொடுத்தார். பேத்தி பெங்களூரிலிருந்து வரும்போது படுக்கவைக்கிற குடை மாதிரியான கொசுவலை, ரோஸ் நிறத்தில், சுற்றிலும் பூவேலையோடு. தாசில்தாரம்மா அதற்குள் குடியேறியது.

சரசு அதற்குப் பின் தினமும் பெட்டிச் சூட்டின் ஓரத்தில் டம்ளர் வைத்து உப்புத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கினாள். கோழி முதலில் தலையை உதறியது. பிறகு பஞ்சு வருகிற நேரத்துக்குத் தானே முகத்தை நீட்டியது. சரசு தன் கையையும் கோழியின் தலையையும் பார்த்துக்கொண்டே பொருக்கை நனைப்பாள். பிய்த்துவிட விரல் துடிக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நெருக்கடி. துணி மலையாகக் குவிந்திருந்தது. தேய்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பின்பக்கத்திலிருந்து ஒரு புதுக்குரல் கேட்டது. கோழியின் குரல்தான், ஆனால் இதுவரை கேட்காத குரல்: அடித்தொண்டையில், விட்டுவிட்டு, யாரிடமோ ரகசியம் சொல்வதுபோல. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள். வலையைத் தூக்கிக் காதைக் கொடுத்தாள்.

முட்டைக்குள்ளிருந்து பதில் வந்துகொண்டிருந்தது.

மெல்லிய கீச்சு. கோழி பேசியது, நிறுத்தியது, முட்டை பேசியது. கோழி தலையைச் சாய்த்துக் கேட்டது, பார்வை இல்லாத முகத்தில் அத்தனை கவனம். சரசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ தடவை அடை வைத்திருக்கிறாள். பொரித்த பிறகு வந்து குஞ்சை எண்ணியிருக்கிறாளே தவிர, பொரிப்பதற்கு முன்னால் அவை பேசிக்கொள்கின்றன என்பது இத்தனை வருஷத்தில் அவள் காதில் விழுந்ததே இல்லை. துணிக்காக வந்தவர்கள் மரத்தடியில் காத்திருந்து காத்திருந்து உள்ளே வந்தார்கள். வந்தவர்களுக்கு அவள் விரலை வாயில் வைத்துக் காட்டினாள். திரும்பிப் பார்த்தால் தேவானந்தம் சாரும் கையில் சட்டையோடு அங்கே குனிந்து நின்றிருக்கிறார்.

"ஸ்தோத்திரம்," என்றார் அவர், ரொம்பச் சின்னக் குரலில்.

மறுநாள் மதியத்துக்குள் எட்டுக் குஞ்சுகள் வெளியே வந்தன. மூன்று முட்டை பொய்த்துவிட்டது. இறந்துபோன சேவலின் செம்பழுப்பு நிறம் நாலைந்தில் இருந்தது.

கண் தெரியாத தாய் குஞ்சை மிதித்துவிடுமே என்பது சரசுவின் பயம். கோழி எழுந்து நின்றது. அடைக்கு உட்கார்ந்ததிலிருந்து அது கூடையைவிட்டு வெளியே வைத்த நீண்ட நடை அன்றைக்குத்தான். ஒரு காலைத் தூக்கியது. விரல்களை மடக்கிக் கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்தது. கீழே கீச்சுச் சத்தம் விலகிய பிறகு, தரையைத் தொட்டுப் பார்த்து, ஊன்றியது. அடுத்த காலையும் அப்படியே. ஒரு குஞ்சின்மேலும் அதன் கால் படவில்லை. சரசு குருணையைக் கையில் நீட்டினாள். கோழி ஒரு மணியை எடுத்தது, தின்னவில்லை, கீழே போட்டது, கூப்பிட்டது. எட்டும் ஓடிவந்தன. மறுபடி சரசுவின் உள்ளங்கையைத் தேடிவந்து, இன்னொன்றை எடுத்துக் கீழே போட்டது.

மதிலில் காக்கை வந்து உட்கார்ந்தபோது அது சிறகைப் பரப்பிவிட்டது. காக்கை கரையக்கூட இல்லை. எப்படித் தெரிந்தது என்று பக்தவச்சலம் கேட்டான்.

"நான்லாம் ஒரு கண்ணு பூட்டதுக்கே இத்தன வருசமா மூஞ்சியத் திருப்பிகினு கீறேன்," என்றாள் சரசு. "இத்தப் பாருய்யா."

"நீயும்தான் அதே கண்ணால இந்தத் தெருவையே தேய்ச்சு நிமித்தி வெச்சிருக்க," என்றான் அவன். சொன்ன பிறகு வெட்கம் வந்து ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான்.

எல்லாம் சரி, கண்? அதைத்தான் அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். பொருக்கு சுருங்கியது, ஓரங்கள் எழும்பின, உதிரவில்லை. கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. டீச்சர் வீட்டிலிருந்து கேக் வந்தது. கிறிஸ்துமஸ் புடவையில் மஞ்சள் கறை ஒன்று போகவேயில்லை. அதைக் கொசுவத்துக்குள் மறைத்துக் கட்டியதாக டீச்சர் சொன்னார். கோழி சரசுவின் கையிலேயே தின்றது. அவள் காலடி கேட்டால் முகத்தை நீட்டியது. அவள் விரலை அது தடவித் தெரிந்துகொள்கிற விதம் அவளுக்குப் பழகிவிட்டது. பிடித்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். இனிமேல் கண்ணே வராவிட்டாலும் கடைசிவரைக்கும் கையிலேயே ஊட்டுவது என்று ஒரு நாள் தேய்த்துக்கொண்டே முடிவும் செய்துவிட்டாள்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற சமயம். வெயில் சுள்ளென்று அடித்தது. சரசு வழக்கம்போல் குருணையை அள்ளிக்கொண்டு வலையைத் தூக்கி, கையை உள்ளே நீட்டினாள்.

நெருப்புத் துண்டை வைத்ததுபோல் இருந்தது. கையை இழுப்பதற்குள் இரண்டாவது கொத்து. பெருவிரல் முட்டியில் தோல் பிய்ந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. தாசில்தாரம்மா குஞ்சுகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு, கழுத்து இறகெல்லாம் சிலிர்க்க நின்றது. வலது கண்ணில் பொருக்கு இல்லை. இடது கண்ணில் பாதி உதிர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது; அதன் இடுக்கிலும் ஒரு மினுக்கு தெரிந்தது. கோழி தலையைச் சாய்த்து, புத்தம்புது மஞ்சள் நிறத்தில் வட்டமாக ஒரு கண்ணை அவள்மேல் நிறுத்தியது. இத்தனை நாள் ஊட்டின கை அதற்கு யாருடையது என்றே தெரியவில்லை. குஞ்சிடம் வருகிற பெரிய உருவம் ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான்.

சரசு வேண்டுமென்றே கையை இடதுபக்கமாகக் கொண்டுபோனாள். கோழி தலையைத் திருப்பி, பாதித் திறந்த அந்தக் கண்ணாலும் பார்த்து, குறி தவறாமல் ஒரு கொத்து வைத்தது.

"யோவ்!" என்று கத்தினாள் சரசு. "யோவ், ஓடியா! டீச்சர்! டீச்சர்!"

பக்தவச்சலம் சுண்ணாம்பு மட்டையோடு ஓடிவந்தான். மதிலுக்கு மேல் டீச்சரின் தலை எழும்பியது. சரசு ரத்தம் வடிகிற கையைத் தூக்கி இரண்டு பேருக்கும் காட்டினாள். பட்டுப்புடவை வாங்கிவந்தவள் ஓரத்தைப் பிரித்துக் காட்டுவதுபோல, மூன்று காயத்தையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"ரெண்டு கண்ணுலயும் பாத்து கொத்துதுய்யா!"